சர்க்கரையோடு ஓடக் கற்றுக்கொண்டேன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். மைக் முன்னால் நின்று பழக்கம் இல்லை. தீர்மான நோட்டு எழுதச் சொன்னால் எழுதுவேன். பேசச் சொன்னதும் ரெண்டு நாளாகத் தூக்கம் இல்லை. தலைவி அக்காதான், "நம்ம குழுவுல அன்னைக்குச் சொன்னியே, அதையே சொல்லு, போதும்"னு சொன்னாங்க. அதனால அதையே சொல்றேன். தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கு. இதை இத்தனை பேர் முன்னாடி சத்தமாச் சொல்றது இதுதான் முதல் தடவை.

என் அம்மாவுக்கும் இருந்தது. அம்மா பருத்திக்காட்டு வேலைக்குப் போவாங்க. செருப்புப் போட்டுக் காட்டுக்குள்ள இறங்கமாட்டாங்க. ஒருநாள் சீமைக் கருவேல முள் குத்தி உள்ளேயே முறிஞ்சிருக்கு. குத்தினதே அவங்களுக்குத் தெரியல. கால் மரத்துப்போனதால வலி தெரியல. நாலு நாள் கழிச்சு வீங்கி, வாடை வந்தபிறகுதான் பார்த்தோம். முதலில் ரெண்டு விரல் போச்சு. அப்புறம் முட்டிக்குக் கீழே காலே போச்சு. அதுக்கப்புறம் ஒரு வருஷம்தான் இருந்தாங்க. அப்போ என் பெண்ணுக்கு நாலு வயசு.

என் பையன் வயிற்றில் இருக்கும்போது எனக்குச் சர்க்கரை கூடியிருக்குன்னு சொன்னாங்க. பிரசவம் ஆனதும் சரியாயிடுச்சு. "ஆறு வாரம், எட்டு வாரம் கழிச்சு வந்து திரும்பப் பாருங்க, அப்புறமும் விடாம வருஷா வருஷம் பாருங்க"ன்னு நர்ஸ் அம்மா சொன்னாங்க. நான் போகல. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு யாருங்க போறது? இங்க உக்காந்திருக்கிற தங்கச்சிகள்ல எத்தனையோ பேருக்குக் கர்ப்பத்துல சர்க்கரை வந்திருக்கும். உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். கர்ப்பத்துல வந்து போன சர்க்கரை பின்னாடி திரும்பி வர வாய்ப்பு அதிகம். வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துடுங்க. நான் பார்க்காம விட்டது அஞ்சு வருஷம். ஊரில் நடந்த முகாமில் விரல்ல குத்திப் பார்த்தப்போ 286. மூணு மாசச் சராசரின்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு, எச்பிஏ1சி-ன்னு சொல்வாங்க. அது எனக்கு 9.4. பொதுவா 7-க்குக் கீழே இருக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. முதலில் மெட்பார்மின் கொடுத்தாங்க. அப்புறம் கிளிமிபிரைடு என்ற மாத்திரையும் சேர்த்தாங்க. இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

நான் ஓட ஆரம்பிச்சது எனக்காக இல்ல. என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். ஓட்டத்துல கெட்டிக்காரி. 800 மீட்டரும் 1500 மீட்டரும் ஓடுவாள். காலையில பயிற்சி செஞ்சா மேல வருவான்னு விளையாட்டு சார் சொன்னாரு. "வயசுக்கு வந்த புள்ளைய விடியக்காலையில தனியா அனுப்பாத"ன்னு என் மாமியார் சொன்னாங்க. அதுவும் நியாயம்தான். பெரம்பலூர் - அரியலூர் ரோட்டுல சிமெண்டு லாரி போற வேகம் உங்களுக்கே தெரியும். அதனால ரோட்டை விட்டுட்டு ஏரிக்கரைக்குப் போனோம். துணைக்கு நான் போனேன்.

முதல் வாரம் கரையில உக்காந்திருந்தேன். குளிருச்சு, நடந்தேன். நடந்துகிட்டே இருந்தப்போ பாப்பா, "வாம்மா, அந்தப் பனைமரம் வரைக்கும் ஓடலாம்"னு கூப்பிட்டா. நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டு ஓடினேன். மூச்சு வாங்கி உக்காந்துட்டேன். அடுத்த நாள் ரெண்டு பனைமரம். ஒரு மாசத்துல கரையை முழுசா ஒரு சுற்று. பத்தாவதுல ஓட்டப்பந்தயத்துல ஓடினவள்தான் நானும். அதுக்கப்புறம் ஓடினதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கத்தான். சர்க்கரை 286-ல் இருந்து 160-க்கு இறங்கிச்சு. எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் அந்த மாசி மாசம் வந்தது. மக்காச்சோளம் அறுவடை. நாள் பூரா வேலை செஞ்சிட்டு வந்து, அசதியில ராத்திரி ஒரு வாய்தான் சாப்பிட்டேன். மாத்திரையை மட்டும் ஒழுங்காப் போட்டேன். காலையில வெறும் வயிற்றோட ஓடப் போனேன். மூணாவது சுற்றுல உடம்பு சில்லுனு வேர்த்துச்சு. கை நடுங்குச்சு. நெஞ்சு படபடன்னு அடிச்சுது. பாப்பா, "ஏம்மா தள்ளாடுற?"ன்னு கேட்டா. எனக்குக் கோபம் வந்துருச்சு. "வாயை மூடிட்டு ஓடுடி"ன்னு திட்டினேன். என்னைப் பார்த்துக் கேட்ட பிள்ளையைத் திட்டினேன். அந்தக் கோபமும் சர்க்கரை இறங்குறதுக்கு ஒரு அடையாளம்னு எனக்கு அப்போ தெரியாது. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. கரையிலேயே சாய்ஞ்சுட்டேன்.

பாப்பா பையில ஒரு கடலை மிட்டாய் இருந்திருக்கு. அதை வாயில வச்சா. மென்னேன், ஆனா ஒண்ணும் சரியாகல. அப்பதான் சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போற எங்க குழு அக்கா வண்டியில வந்தாங்க. என்னைப் பார்த்ததும் பால் கேனை அங்கேயே இறக்கி வச்சுட்டு, டீக்கடைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணியில நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கலக்கிக் கொண்டு வந்தாங்க. குடிச்சு கால் மணி நேரத்துல எழுந்து உக்காந்தேன். அந்த அக்கா அன்னைக்குப் பால் ஊத்த நேரமாயிடுச்சு, பாலை எடுத்துக்கல. அந்தக் காசை இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட வாங்க மாட்டேங்குறாங்க.

எழுந்ததும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ரெண்டு பேர்கிட்டேயும் சத்தியம் வாங்கினேன், வீட்டுல சொல்லக்கூடாதுன்னு. சொன்னா ஓட்டம் நின்னுடும். என் ஓட்டம் நின்னாப் பரவாயில்ல, துணைக்கு ஆள் இல்லாம பாப்பாவோட ஓட்டமும் நின்னுடும். அந்தப் பயம்தான். அதோட நானே ஒரு வைத்தியமும் கண்டுபிடிச்சேன். ஓடுற நாளில் மாத்திரையே போடாம விட்டுட்டேன். ரெண்டையும் விட்டேன். டாக்டரைக் கேக்கல, யாரையும் கேக்கல.

நம்ம குழுக்களில் இருந்தே எடுக்கப்பட்ட பெண்கள்தான் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்துல தன்னார்வலரா வீடு வீடா வர்றாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினது. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் வாங்கியிருக்கு. அந்த விருதுல பாதி, வெயில்ல பையைத் தூக்கிட்டு நடக்கிற நம்ம ஆளுங்களுக்குச் சேர வேண்டியதுன்னு நான் நினைக்கிறேன். எங்க ஊர் தன்னார்வலர் எங்க குழு உறுப்பினர்தான். மாத்திரை கொடுக்க வந்தவங்க பழைய அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தாங்க. "கணக்கு இடிக்குதே, மீதி இவ்வளவு எப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க. குழுவுல பத்து ரூபாய் குறைஞ்சாலே கண்டுபிடிக்கிறவங்க, மாத்திரைக் கணக்குல என்னை விடுவாங்களா? அங்கேயே விரல்ல குத்திப் பார்த்தாங்க. 310.

அப்போ அழுதுட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். அவங்க திட்டல. அடுத்த நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க டாக்டர் அம்மா அரை மணி நேரம் எனக்காகச் செலவு பண்ணினாங்க. அவங்க சொன்னதையும், அதுக்கப்புறம் நான் அனுபவத்துல தெரிஞ்சுகிட்டதையும் இப்போ சொல்றேன். இதுக்காகத்தான் மேடை ஏறினேன்.

முதல் விஷயம், ஓடும்போது சர்க்கரை ஏன் இறங்குது? நாம நடந்தா, ஓடினா, களை வெட்டினா, கால் கை தசைகள் ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை அடுப்புக்கு விறகு மாதிரி இழுத்துக்கும். இது நல்லதுதான். அதுக்காகத்தான் நடக்கச் சொல்றாங்க. ஆனா ஓட்டம் நின்ன பிறகும் தசை இழுக்கிறது நிக்காது. ஒரு நாள் வரைக்கும் கூட இருக்கும். காலையில ஓடினவளுக்கு ராத்திரி தூக்கத்துல சர்க்கரை இறங்கலாம். பயிர் நடவு, அறுவடைன்னு நாள் பூரா வேலை செஞ்ச உடம்புக்கும் இதேதான். நான் விழுந்தது அந்த ஓட்டத்தால மட்டும் இல்ல. முந்தின நாள் அறுவடை, ராத்திரி பட்டினி, அதுக்கு மேல மாத்திரை, அதுக்கு மேல ஓட்டம். நாலும் சேர்ந்து தள்ளிருச்சு.

ரெண்டாவது, எல்லா மாத்திரையும் ஒரே மாதிரி இல்ல. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு சர்க்கரை ரொம்ப இறங்கிப்போறது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் அப்படி இல்ல. நாம சாப்பிட்டோமா இல்லையான்னு பார்க்காம அது சர்க்கரையை இறக்கும். அதனால நீங்க சாப்பிடுற மாத்திரை பேரை எழுதி வச்சுக்குங்க. "வெள்ளை மாத்திரை, சின்ன மாத்திரை"ன்னு சொன்னா யாருக்கும் புரியாது. ஓடப் போறேன், கடின வேலைக்குப் போறேன்னு டாக்டர்கிட்ட சொன்னா அவங்களே அளவை மாத்திக் கொடுப்பாங்க. எனக்குக் கிளிமிபிரைடைப் பாதியாக் குறைச்சாங்க. அது டாக்டர் செய்ய வேண்டிய வேலை. நான் செஞ்ச மாதிரி நீங்களா நிறுத்தாதீங்க.

மூணாவது, ஓடுறதுக்கு முன்னாடி பார்க்கணும். எனக்கு டாக்டர் சொன்ன கணக்கு இது. 70-க்குக் கீழே இருந்தா ஓட்டமே கிடையாது, முதல்ல சர்க்கரையை ஏத்தணும். 100-க்குக் கீழே இருந்தா ஒரு வாழைப்பழமோ ரெண்டு இட்லியோ சாப்பிட்டுட்டு, கொஞ்சம் பொறுத்துப் போகணும். 100-ல் இருந்து 250-க்குள் இருந்தாப் போகலாம். 250-க்கு மேலே இருந்து, உடம்பும் முடியாம, வாந்தியோ காய்ச்சலோ இருந்தா அன்னைக்கு ஓடக்கூடாது, டாக்டரைப் பார்க்கணும். சின்ன வயசுலேயே சர்க்கரை வந்து இன்சுலின் மட்டுமே போடுற பிள்ளைகளுக்கு 250-க்கு மேலே போனா சிறுநீர்ல கீட்டோன் பார்க்காம ஓட விடவே கூடாது. இன்சுலின் போடுறவங்க ஓடப்போற அன்னைக்குத் தொடையில ஊசி போட வேண்டாம். ஓடுற கால்ல போட்டா மருந்து வேகமா ஏறிடும். வயிற்றுல போடுங்க.

நாலாவது, இறங்கிட்டா என்ன செய்யணும்? வேர்வை, நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, கண் மங்கல், காரணம் இல்லாத கோபம், பேச்சுக் குழறல். இதுல எது வந்தாலும் உடனே உக்காந்துடணும். "அந்த மரம் வரைக்கும் போயிடலாம்"னு நினைக்கக் கூடாது. மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலந்து குடிக்கணும். குளுக்கோஸ் பொடியும் சரிதான். 15 நிமிஷம் பொறுத்து மறுபடி பார்க்கணும். இன்னும் 70-க்குக் கீழே இருந்தா மறுபடியும் மூணு ஸ்பூன். சரியானதும் ஏதாவது சாப்பாடு சாப்பிடணும். கடலை மிட்டாய் எனக்கு ஏன் கேக்கலைன்னு டாக்டர் அம்மாகிட்ட கேட்டேன். கடலையில எண்ணெய் இருக்கு, அதனால சர்க்கரை மெதுவாத்தான் ரத்தத்துல சேரும்னு சொன்னாங்க. பசிக்கு அது நல்லது, அவசரத்துக்கு ஆகாது. நினைவு தப்பினவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க. மூச்சுக்குழல்ல போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு 108-க்குக் கூப்பிடுங்க.

அஞ்சாவது, கால். இதைச் சொல்லும்போது எனக்கு அம்மா ஞாபகம் வந்துரும். செருப்போ ஷூவோ இல்லாம ஓடாதீங்க, காட்டுக்கும் போகாதீங்க. ஷூ வாங்குறதுன்னா சாயங்காலம் போய் வாங்குங்க. நாள் பூரா நடந்து கால் கொஞ்சம் உப்பியிருக்கும், அப்போ சரியா இருந்தாத்தான் எப்பவும் சரியா இருக்கும். பருத்தி சாக்ஸ் போடுங்க. போடுறதுக்கு முன்னாடி ஷூவைக் கவுத்துத் தட்டுங்க. ராத்திரி படுக்கும்போது உள்ளங்காலைப் பாருங்க. குனிய முடியலைன்னா கண்ணாடியைத் தரையில வச்சுப் பாருங்க, இல்லைன்னா பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்க. எங்க வீட்டுல என் பையன்தான் பார்ப்பான். எட்டு வயசு. "ஓகேம்மா, முள் இல்ல"ன்னு சொல்லிட்டுத்தான் தூங்குவான்.

ஆறாவது, ரொம்ப நாளாச் சர்க்கரை இருக்கிறவங்க ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கண்ணையும் இதயத்தையும் காட்டிடுங்க. கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் பாதிச்சிருந்தா வேகமா ஓடுறதும் கனமான மூட்டையைத் தூக்குறதும் ஆகாது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. கத்திரி வெயில்ல சூரியன் ஏறுறதுக்கு முன்னாடி முடிச்சுடுங்க. தண்ணி எடுத்துட்டுப் போங்க. ஆடி வெள்ளி, கிருத்திகைன்னு விரதம் இருக்கிற நாளில் ஓட வேண்டாம். விரதமும் இந்த மாத்திரையும் சேர்ந்தா என்ன ஆகும்னு நான் சொல்லிட்டேன். சாமி கோவிச்சுக்காது.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். ஒருநாள் பாப்பாவோட போட்டி போட்டு வேகமா ஓடினேன். ஓடுறதுக்கு முன்னாடி 168. ஓடி முடிச்சுப் பார்த்தா 196. பயந்துட்டேன். அதி வேகமா ஓடும்போது உடம்பு பதறி, கல்லீரல்ல சேர்த்து வச்ச சர்க்கரையை அவிழ்த்து விடுமாம். கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும். அன்னைக்கும் ஒரு மணி நேரத்துல இறங்கிடுச்சு. அதனால ஒரு நம்பரைப் பார்த்துட்டு மனசு உடையாதீங்க. தினமும் எழுதிப் பாருங்க. நம்ம வரவு செலவு நோட்டு மாதிரிதான். ஒரு நாள் கணக்கை வச்சு குழு லாபமா நட்டமான்னு சொல்ல முடியுமா?

இப்போ குழுவுல நடந்ததைச் சொல்றேன். டாக்டரைப் பார்த்துட்டு வந்த வாரம் எங்க குழுக் கூட்டம். சந்தா, உள்கடன் எல்லாம் முடிஞ்ச பிறகு எழுந்து நின்னு எனக்குச் சர்க்கரை இருக்குன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் ஒரு அக்கா, "எனக்கும் இருக்கு"ன்னாங்க. அப்புறம் இன்னொருத்தங்க. 14 பேர்ல 5 பேருக்கு இருந்துச்சு. எத்தனை வருஷமா வாராவாரம் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கோம், ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. ஒரு சின்னம்மா மாட்டுக்கொட்டகையில ஒளிஞ்சு நின்னு இன்சுலின் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. ஏன் சொல்லலைன்னு கேட்டோம். "பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், பரம்பரை வியாதின்னு பேசுவாங்க"ன்னு சொன்னாங்க. இன்னொரு அக்கா சொன்ன காரணம் எங்க எல்லாரையும் தலை குனிய வச்சிருச்சு. "நோயாளின்னு தெரிஞ்சா எனக்கு லோன் கொடுக்க யோசிப்பீங்கன்னு பயந்தேன்"னு சொன்னாங்க. எங்களைப் பார்த்து, எங்க குழுவுலேயே அப்படி ஒரு பயம்.

அன்னைக்கே தீர்மானம் போட்டோம். நோயைக் காரணம் காட்டி யாருக்கும் கடன் மறுக்கக் கூடாதுன்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். குழுப் பணத்துல ஒரு சர்க்கரை பார்க்கிற கருவி வாங்கினோம். மிஷின் விலை கூடப் பெருசில்ல, அந்த அட்டைதான் செலவு. அதனால தினமும் பார்க்கிறதில்ல. ஓட ஆரம்பிக்கிற புதுசுல, மாத்திரை மாத்தினப்போ, கடின வேலை நாளில், உடம்பு ஒரு மாதிரி இருக்கிறப்போ பார்க்கிறோம். மிஷின் பொது, ஆனா குத்துற ஊசி ஆளுக்கு ஆள் வேற. ஒருத்தர் குத்தின ஊசியை இன்னொருத்தருக்குக் குத்தினா ரத்தத்தின் மூலமா மஞ்சள் காமாலை மாதிரி நோய் பரவிடும். இதுல மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க.

வீட்டுல? பாப்பாவே அவங்க அப்பாகிட்ட சொல்லிட்டா. சத்தியத்தை மீறிட்டியேன்னு கேட்டதுக்கு, "நீ செத்துட்டா நான் யாருக்காக ஓடணும்?"னு கேட்டா. நான் ஒண்ணும் பேசல. என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்னோட பேசவே இல்ல. அவர் சிமெண்டு லாரி ஓட்டுறவர். நான் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லப் போறாருன்னே நினைச்சேன். மூணாவது நாள் அரியலூர்ல இருந்து வரும்போது ஒரு ஷூ டப்பாவோட வந்தாரு. அளவு பெருசாப் போச்சு, அடுத்த நாள் போய் மாத்திட்டு வந்தோம். என் மாமியாரும் இப்போ எங்களோட ஏரிக்கரைக்கு வர்றாங்க. ஒரு பாட்டில்ல சர்க்கரைத் தண்ணியை மடியில வச்சுக்கிட்டுக் கரையில உக்காந்திருப்பாங்க. நான் கொஞ்சம் மெதுவா ஓடினாக்கூட, "அடியே, தண்ணி வேணுமா?"ன்னு கத்துவாங்க.

சர்க்கரை இருக்கிறவங்க ஓடலாமான்னு கேக்குறவங்களுக்கு நம்ம தமிழ்நாட்டுலேயே ஒரு உதாரணம் இருக்கு. 2021-ல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன் அவர்கள் நீரிழிவு உள்ளவர். விபத்துல காலில் அடிபட்டவர். 50 வயசைத் தாண்டின பிறகு ஓட ஆரம்பிச்சு, 21 கிலோமீட்டர் ஓடுற அரை மாரத்தானை 100 தடவைக்கு மேல ஓடியிருக்கார். கிரிக்கெட் பார்க்கிற வீட்டுக்காரங்களுக்கு வாசிம் அக்ரமைத் தெரியும். 1997-ல் அவருக்குச் சர்க்கரை இருக்கிறது தெரிஞ்சுது. இன்சுலின் போட்டுக்கிட்டே 2003 வரைக்கும் வேகப்பந்து போட்டார், ஒருநாள் போட்டியில 500 விக்கெட்டுக்கு மேல எடுத்தார். இன்சுலின்னா கடைசிக் கட்டம்னு பயப்படுற சின்னம்மா, பெரியம்மாக்கள் இதைக் கேட்டுக்கணும். 1922 ஜனவரியில கனடா நாட்டுல 14 வயசுப் பையன் ஒருத்தனுக்குத்தான் இன்சுலினை முதன்முதல்ல போட்டாங்க. அதுக்கு முன்னாடி அந்த மாதிரிப் பிள்ளைகளைக் காப்பாத்த வழியே இல்ல. அது சாவுக்குப் போடுற ஊசி இல்ல, வாழறதுக்குப் போடுற ஊசி.

2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை இருக்கு. தமிழ்நாட்டுல 100 பெரியவங்களை எடுத்தா 14 பேருக்கு மேல. இந்தப் பந்தல்ல எத்தனை பேர் இருக்கோம்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. நான் மட்டும் தனி ஆள் இல்ல.

எல்லாரும் ஓடணும்னு நான் சொல்ல வரல. முட்டி வலிக்கிறவங்க நடந்தாப் போதும். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடந்தாப் போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அஞ்சு நாளைக்கு அரை மணி நேரம்தான். சாப்பிட்டதும் உக்காந்து சீரியல் பார்க்காம 15 நிமிஷம் தெருவுல நடந்தாலே சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுற சர்க்கரை குறையுது. நான் பார்த்திருக்கேன். "வீட்டுல நாள் பூரா வேலை செய்யிறோமே, அதுக்கு மேல என்ன நடை?"ன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். பாத்திரம் தேய்க்கிறதும் சமைக்கிறதும் வேலைதான், ஆனா மூச்சு வாங்காது. மூச்சு கொஞ்சம் வாங்கணும், ஆனா பேச முடியணும். அதுதான் அளவு.

கடைசியா ஒரு விஷயம். போன வருஷம் மாவட்டத்துல நடந்த ஒரு விழிப்புணர்வு ஓட்டத்துல 5 கிலோமீட்டர் ஓடினேன். சுடிதார், ஷூ, இடுப்புல ஒரு பர்ஸ். பர்ஸுக்குள்ள சர்க்கரைப் பொட்டலம், மாத்திரை பேரும் வீட்டு நம்பரும் எழுதின சீட்டு. ஓடுறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லி சாப்பிட்டுப் பார்த்தப்போ 142. முடிச்சதும் 108. ராத்திரி படுக்கும்போது 92, அதனால ஒரு டம்ளர் பாலும் ரெண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுட்டுப் படுத்தேன். 46 நிமிஷம் ஆச்சு. எனக்குப் பின்னாடி பத்துப் பதினைஞ்சு பேர்தான் வந்திருப்பாங்க. பரிசு ஒண்ணும் இல்ல. என் மூணு மாசச் சராசரி இப்போ 7.2. இன்னும் 7-க்குக் கீழே வரல. மாத்திரை நிக்கல, நிக்கும்னு நான் யாருக்கும் சொல்லவும் மாட்டேன். ஓட்டம் மாத்திரைக்குப் பதில் இல்ல. ரெண்டும் சேர்ந்துதான்.

கூட்டமைப்புக்கு என் கோரிக்கை ரெண்டே ரெண்டு. ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு சர்க்கரை பார்க்கிற கருவி நம்ம குழுக்கள் கையில இருக்கணும். மாசத்துல ஒரு குழுக் கூட்டத்துல கடன் பேசி முடிச்ச பிறகு பத்து நிமிஷம் உடம்பைப் பத்திப் பேசணும். அதுக்குப் பணம் வேண்டாம். யாராவது ஒருத்தர் முதல்ல எழுந்து நின்னு, எனக்கு இருக்குன்னு சொன்னாப் போதும். மத்தவங்க தானாப் பேசுவாங்க.

அந்தப் பால் ஊத்துற அக்கா இங்கேதான் உக்காந்திருக்காங்க. பேரைச் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அக்கா, அந்தப் பால் காசை இன்னைக்காவது வாங்கிக்குங்க.